கடனும் விடுதலையும்: மாத்தளைக் கோப்பித் தோட்ட வரலாற்றில் நொடிப்புச் சட்டத்தின் வர்க்கப் பண்பு

1

கடன் என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளை அது குறிக்கும்; செய்து தீர வேண்டிய கடமையையும் குறிக்கும். கொடுக்கல் வாங்கலும் அறமும் ஒரே சொல்லுள் அடங்கியிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. பட்ட கடனைத் தீர்க்காதவன் நெறி தவறியவன் என்ற கருத்து, நிலவுடைமைச் சமுதாயத்தின் ஒழுக்கவியலில் ஆழ வேரூன்றியிருந்தது.

வணிக முதலாளித்துவம் வளர்ந்த நாடுகளில் இதற்கு மாறான கருத்தொன்று காலப்போக்கில் சட்டவடிவம் பெற்றது. கடனைத் தீர்க்க இயலாத ஒருவர் தம்மிடம் எஞ்சியிருப்பதை நீதிமன்றத்தின் வழியாகக் கடன்கொடுத்தோரிடம் ஒப்படைத்துவிட்டு, மீதிக் கடனிலிருந்து விடுபட்டுப் புதுவாழ்வு தொடங்கலாம் என்பதே அது. இந்நிலையை எழுத்துத் தமிழ் நொடிப்பு என்று குறிக்கும். இலங்கையின் அன்றாட வழக்கில் அது வங்குரோத்து. ஐரோப்பிய மொழிவழி வந்த சொல். தமிழ்நாட்டு வழக்கில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்தல்'. வழக்குகள் மூன்றாயினும் அவை குறிப்பிடும் மனிதர் ஒருவரே: வணிகம் செய்தவர், சொத்து வைத்திருந்தவர், அதனை இழந்தவர். இழப்பதற்கு எதுவுமே இல்லாதவன் பட்ட கடனைக் குறிக்க இச்சொற்களுள் எதுவும் வழங்கவில்லை.

இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி இந்த இடைவெளியே. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஒரே குடியேற்ற அரசு கடனுக்கு இருவகைச் சட்டங்களை ஆக்கியது. முதல்போட்டவனின் கடனை அது குடியியல் விவகாரமாகக் கொண்டு, அதிலிருந்து மீள வழிவகுத்தது. உழைப்பவனின் கடன் குற்றவியல் தண்டனையின் நிழலில் வைக்கப்பட்டு, அவனை இடம்பெயர விடாத கட்டாக மாற்றப்பட்டது. நொடித்துப்போகும் உரிமை, வரலாற்று நோக்கில், ஒரு வர்க்கத்தின் சலுகையாக இருந்தது என்பதே நாம் இங்கு நிறுவ முற்படுவது. அதற்குரிய களமாக மாத்தளையைக் கொள்கிறோம். தென்னிந்தியத் தொழிலாளர் நடந்துவந்த வடக்குப் பாதை மலைநாட்டைத் தொட்ட இடம் அது. கோப்பி வெறி பற்றிய நிலம். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் மையம். ஒரே நெருக்கடி துரையையும் குடியானவனையும் தொழிலாளியையும் எவ்வாறு வெவ்வேறாகத் தாக்கியது என்பதை ஒரே மண்ணில் வைத்துப் பார்க்க இதனினும் பொருத்தமான மாவட்டம் அரிது.

2

முதலில் சட்டத்தை நோக்குவோம். இலங்கையில் நொடிப்பை ஒழுங்குபடுத்தியது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகும். 1849ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் சாயல் அதிற் பெரிதும் படிந்திருந்தது. அவ்விங்கிலாந்தில் கடன்விடுதலை என்பது 1861ஆம் ஆண்டு வரை வணிகர்க்கு மட்டுமே உரிய சலுகையாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கப்பல் கவிழ்ந்தாலோ சந்தை சரிந்தாலோ நேர்மையான வணிகனும் வீழ்ந்துபடலாம், அவனைச் சிறையில் அடைத்துவைப்பதால் எவர்க்கும் பயனில்லை என்ற வணிக வர்க்கத்தின் பட்டறிவே இச்சட்ட மரபின் பிறப்பிடம்.

சட்டத்தின் செயற்பாடு பின்வருமாறு அமைந்தது. கடனாளி தாமாகவோ, கடன்கொடுத்தவரோ மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் எனத் தீர்மானித்ததும் அவருடைய உடைமைகள் நீதிமன்றப் பொறுப்பில் வரும். அவற்றைத் திரட்டி விற்றுப் பங்கிட ஓர் ஒப்படைபெறுநர் நியமிக்கப்படுவார். கடன்கொடுத்தோர் தத்தம் கடனை எண்பித்து, எஞ்சிய சொத்தில் விகிதப்படி பங்கு பெறுவர். நிலத்தை ஈடாகப் பெற்றிருந்தவர்க்கு அந்த ஈடே காப்பாக நிற்கும். ஏனையோரே பங்குக்குக் காத்திருக்க வேண்டும். விசாரணை நடைபெறும் காலத்தில் கடனுக்காகக் கைதுசெய்யப்படாதிருக்கக் கடனாளிக்கு நீதிமன்றம் பாதுகாப்பு வழங்கலாம். சொத்தை மறைத்தாலோ பொய்க்கணக்குக் காட்டினாலோ தண்டனை உண்டு.

இறுதியில் வழங்கப்படும் சான்றிதழே இவ்வமைப்பின் உயிர்நிலை. கடனாளி சட்டத்துக்கு இணங்கி ஒழுகினார் என்று கூறும் அச்சான்றிதழ் மூன்று வகுப்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. தவிர்க்க முடியாத இழப்பாலும் இடுக்கணாலும் நொடித்தவர்க்கு முதலாம் வகுப்பு. அவை ஓரளவுக்கே காரணமாயின் இரண்டாம் வகுப்பு. அவை காரணமே அல்லவாயின் மூன்றாம் வகுப்பு. ஒருவரது வீழ்ச்சியில் ஊழின் பங்கு எவ்வளவு, அவர் குற்றத்தின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப்பார்க்க நீதிமன்றம் முன்வந்தது. சான்றிதழ் கிடைத்த பின் பழைய கடன் அவரைத் தொடராது. இனி ஈட்டுவது அவருடையதே. இங்கிலாந்தில் 1861ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட இவ்வகுப்பு முறையைத் தாங்கிய இலங்கைச் சட்டமோ இருபத்தோராம் நூற்றாண்டிலும் சட்டநூலில் நீடித்தது.

தோல்வியடைந்த மனிதனிடம் இந்தச் சட்டம் ஒருவகைப் பெருந்தன்மையோடு நடந்துகொள்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. இடுக்கண் என்பதை அது அறியும். கடனுக்கும் ஓர் எல்லை உண்டென்பதை ஏற்கும். நமது வினா, அப்பெருந்தன்மை யாருக்குக் கிட்டியது என்பதே.

3

இக்கட்டளைச்சட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் இலங்கையின் முதலாவது பெருந்தோட்ட நெருக்கடி நிகழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொள்ள வழிசெய்தது. ஏக்கர் 5 ஷில்லிங் என்ற விலையில் அவை விற்கப்பட்டன. 1844இல்தான் அவ்விலை 20 ஷில்லிங்காக உயர்ந்தது. வாங்கியோரில் அரசின் உயர் அதிகாரிகளும் படையதிகாரிகளும் நீதிபதிகளும் இருந்தனர். சட்டம் செய்தவனும் நிலம் விற்றவனும் நிலம் வாங்கியவனும் ஒரே மேசையைச் சூழ்ந்திருந்த காலம் அது.

இங்கிலாந்திலிருந்து வந்த கடன்முதலே இத்தோட்டங்களை எழுப்பிற்று. 1847இல் அங்கு பெரும் வாணிப நெருக்கடி மூண்டபோது அம்முதல் வற்றியது. கோப்பி விலையும் வீழ்ந்தது. 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் கார்ல் மார்க்ஸ் கடனமைப்பின் தன்மையை விளக்க விரிவாக எடுத்தாளும் நெருக்கடிகளுள் 1847ஆம் ஆண்டினதும் ஒன்று. இலண்டனில் முறிந்த உண்டியலின் எதிரொலி மாத்தளைக் காடுகளில் கேட்டது. தோட்டங்கள் போட்ட முதலின் ஒரு சிறு பகுதிக்கு விலைபோயின. சில கைவிடப்பட்டுக் காடேறின.

இழப்பு யார் தலையில் விழுந்தது? தோட்டத்தை இழந்த துரைமார் பலர் உண்மையிலேயே அழிந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதலின் இழப்பை அரசு தன் வரிக்கொள்கை வழியாக வேறொருவர் மீது சுமத்தியது. குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், ஏற்றுமதித் தீர்வைகளை நீக்கி நேர்வரிகளை விதிக்க வேண்டுமென ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தார். நெருக்கடி வந்ததும் தேசாதிபதி டொரிங்டன் அவ்வழியிற் சென்றார். 1848இல் நாய்க்கு 1 ஷில்லிங், துப்பாக்கிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், கடைக்கு 1 பவுண் என வரிகள் வந்தன. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், அன்றேல் 3 ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற தெருக் கட்டளைச்சட்டமும் உடன் வந்தது. கோப்பித் தோட்டத்துக்குத் தெரு வேண்டும். அத்தெருவை அத்தோட்டத்துக்குக் காட்டை இழந்த குடியானவனே வெட்ட வேண்டும்.

அவ்வாண்டு யூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டதும், புரன் அப்பு முதலியோர் தலைமையில் மக்கள் மாத்தளையைக் கைப்பற்றியதும் நாடறிந்த வரலாறு. அவர்கள் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கியபோது அங்கிருந்த வரி ஆவணங்களை அழித்தார்கள் என்ற செய்தி நம் ஆய்வுக்கு முதன்மையானது. நொடிப்புச் சட்டம் நீதிமன்ற முத்திரையோடு துரைக்குச் செய்துகொடுக்கவிருந்ததை, அதாவது கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்குவதை, குடியானவர் தம் கைகளாலேயே செய்ய முனைந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது சான்றிதழன்று. படைச்சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது, மக்களின் உடைமைகள் பறிமுதலாகி விற்கப்பட்டன, ஓகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

4

இக்காலத்தில் அதே மாத்தளைப் பாதையில் வேறொரு மக்கட் கூட்டம் வந்துகொண்டிருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாக மலையேறிய தமிழ்த் தொழிலாளர் அவர்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1880இல் மாத்தளைக்கு இருப்புப்பாதை வரும்வரை இந்நடைபயணத்துக்கு மாற்றிருக்கவில்லை. அதன் பின்னரும் வடக்கேயுள்ள காட்டுவழியை அவர்கள் நடந்தே கடந்தனர்.

தோட்டத்தில் காலடி வைப்பதற்கு முன்னரே அவர்கள் கடனாளிகள். ஊரில் பட்ட சிறு கடனைத் தீர்க்கக் கங்காணி தந்த முன்பணம், படகுக்கூலி, வழியில் உண்ட சோறு, போர்த்திய கம்பளி ஆகிய யாவும் பெயரில் எழுதப்பட்டன. கங்காணிக்கு அப்பணம் துரையிடமிருந்து வந்தது. துரைக்குக் கொழும்பு முகவர் நிறுவனத்திடமிருந்தோ வங்கியிடமிருந்தோ வந்தது. அதற்கும் அப்பால் இலண்டன் இருந்தது. அரிசிக்கும் கைமாற்றுக்கும் கொழும்புச் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் துணைநின்றனர். இலண்டனிலிருந்து லயத்துக் காம்பரா வரை நீண்ட இக்கடன் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வட்டியோ தரகோ கழிந்தது. கடைசிக் கண்ணியில் இருந்தவனுக்குக் கழிக்க வேறெவருமில்லை. அவன் தன் உழைப்பு நாட்களையே கழித்துக்கொடுத்தான்.

அவனுடைய கடனைச் சட்டம் எவ்வாறு நோக்கியது? 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும், பின்னர் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டமும் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாக்கின. அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். சம்பளம் தராத எசமான் மீது முறையிடச் சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. ஆனால் அம்முறைப்பாட்டைச் செய்ய நீதிமன்றுக்குச் செல்வதற்கே துரையின் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவ்வெளியேற்றமே குற்றம்.

1841, 1853, 1865 என்ற மூன்று ஆண்டுகளையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து அரசின் சிந்தனை தெளிவாகிறது. இருவரும் செய்துகொண்டது ஒப்பந்தமே. இருவரும் அதனை நிறைவேற்றத் தவறினர். துரை தவறினால் அது இடுக்கணா குற்றமா என்று ஆராய நீதிமன்றம் மூன்று வகுப்புச் சான்றிதழ்களோடு காத்திருந்தது. தொழிலாளி தவறினால் அவ்வாராய்ச்சிக்கு இடமில்லை. அவனது இடுக்கணுக்கு வகுப்புகள் வகுக்கப்படவில்லை.

1853ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியை விலக்கிவைக்கவில்லையே, அவனும் விண்ணப்பித்திருக்கலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். எழுத்தளவில் அது உண்மை. ஆனால் விண்ணப்பத்துக்கு முத்திரைச் செலவு உண்டு, புறொக்டர் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், ஒப்படைக்கச் சொத்தும், எண்பிக்கக் கணக்கேடும் வேண்டும். தொழிலாளியின் கணக்கோ கங்காணியின் ஏட்டிலும் வாய்ச்சொல்லிலும் இருந்தது. சட்டத்தின் கதவு மூடப்படவில்லை. அதனை அடையும் வழியெல்லாம் தோட்டத்தின் எல்லைக்குள் முடிந்துவிட்டது.

இக்கட்டின் முதிர்ந்த வடிவமே துண்டு முறை. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் ஒரு துண்டு பெறுவான். இன்ன தொகை கிடைத்தால் இன்னாரை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுத்த தாள் அது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு அயல்தோட்டங்களுக்குச் செல்வான். ஆளுக்குத் தட்டுப்பாடுள்ள துரை அத்தொகையையும் அதற்கு மேலும் கொடுத்து ஆட்களைப் பெறுவான். பழைய கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை, புதிய தோட்டத்தில் அது மேலும் பெரிதாகப் பதியப்பட்டது. பெயர்ச்சி ஒவ்வொன்றிலும் ஏறிய தொகையின் பெரும்பகுதி கங்காணியின் கைக்குப் போயிற்று. பொறுப்பு மட்டும் தொழிலாளர் கணக்கில் நின்றது. நொடிப்புச் சட்டத்தில் ஆளும் கடனும் பிரிக்கப்படுகின்றன: சொத்துக் கடனோடு போக, ஆள் விடுதலையாகிறான். துண்டு முறையில் பிரிவுக்கே இடமில்லை. ஆளே ஈடு, ஈடு கைமாறும்போது ஆளும் கைமாறினான்.

5

இருவகைக் கடனும் ஒரே வேளையில் சோதனைக்குள்ளானது கோப்பியின் இறுதி வீழ்ச்சியின்போது. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைநோய் இனங்காணப்பட்டது. நிலப்பரப்பு விரிந்துகொண்டே சென்றமையாலும் விலை ஏற்றமாக இருந்தமையாலும் அதன் கொடுமை பல ஆண்டுகள் மறைந்திருந்தது. 1880இல் ஆராய்ச்சிக்கென அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் நோயின் வாழ்க்கைச் சுற்றை விளக்கினார். தடுக்கும் வழியை எவராலும் காட்ட முடியவில்லை. ஏறத்தாழ 1700 துரைமாரில் 400 பேரே எஞ்சினர் என்றொரு கணக்கு அக்கால வரலாறுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1884 மே 3ஆம் நாள் ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. அவ்வங்கியின் தாள்கள் மக்கள் கைகளிற் புழங்கிய நாணயம். தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் பெயரால் உத்தரவாதம் அளித்தார். அவ்வாண்டே நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசு ஏற்றது. தனியார் வங்கியின் முறிவை அரசு தாங்கிக்கொண்ட முன்னுதாரணம் இது.

இந்நெருக்கடியில் நொடித்தோருள் ஜோர்ஜ் வோல் குறிப்பிடத்தக்கவர். தோட்டத்துரைமாரின் முன்னணித் தலைவராக விளங்கிய அவரது நிறுவனம் 1870களின் இறுதியில் வீழ்ந்தது. எனினும் அவர் பொதுவாழ்வை விட்டு நீங்கவில்லை. பத்திரிகைத் துறையில் இயங்கினார். நெல்வரிக்கு எதிரான இயக்கத்தின் வலிய குரலானார். அவருடைய பிற்காலப் பணியை நாம் மதிக்கிறோம். ஆயினும் வீழ்ந்தவன் எழுந்து மீண்டும் சமுதாயத்திற் பேசலாம் என்ற வாய்ப்பே நொடிப்புச் சட்ட மரபின் சாரம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகிறது.

வோல் எதிர்த்த அந்நெல்வரி மத்திய மலைநாட்டுக் குடியானவனுக்கு என்ன செய்தது? அவனும் வீட்டுத்தோட்டத்தில் கோப்பி நட்டவன். அக்காசைக் கொண்டே வரி கட்டியவன். கோப்பி பட்டுப்போனதும் வரி நிலுவையாயிற்று. மாத்தளையைப் போன்றே மத்திய மாகாணத்தைச் சேர்ந்த வலப்பனையில், நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டுக் குடும்பங்கள் சிதறின. உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியரே இதனை வெளிக்கொணர்ந்தார். 1892இல் நெல்வரி நீக்கப்பட்டது. அரசுக்குப் பட்ட வரிக்கடனால் நிலமிழந்த குடியானவனுக்கு, அது வருவதற்கு முன் எவ்விதச் சான்றிதழும் வழங்கப்படவில்லை.

தொழிலாளியின் நிலை மேலும் விந்தையானது. நொடித்த தோட்டத்தில் அவன் ஒரே நேரத்தில் கடனாளியாகவும் கடன்கொடுத்தவனாகவும் இருந்தான். கங்காணிக்கு அவன் கொடுக்க வேண்டும். துரை அவனுக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். உழைப்பை முன்னரே கொடுத்துவிட்டுக் கூலியைப் பின்னர் பெறுபவன் முதலாளிக்குக் கடன் கொடுப்பவனே என்று 'மூலதனம்' முதலாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கிய உண்மை மலைநாட்டில் கண்கூடாயிற்று. ஆனால் தோட்டம் ஈட்டின்பேரில் விற்கப்பட்டபோது ஈடு பிடித்தவனே முதலில் நின்றான். உழைத்தவன் கணக்கில் வராதவனாய்ப் பின்தள்ளப்பட்டான். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தொழிலாளர் சம்பளத்தைத் தோட்டத்தின் மீதான முதற்பொறுப்பாக்கியது. இது ஒரு முன்னேற்றமே. எனினும் அதன் உந்துவிசையை மனிதாபிமானம் என்று மட்டும் கொள்ளுதல் வரலாற்றைப் பிழைபட உணர்வதாகும். சம்பளம் கிடைக்காத செய்தி தமிழகக் கிராமங்களை எட்டினால் ஆள்வரவு நின்றுவிடும். தேயிலையோ கோப்பியிலும் கூடுதலான, ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் உழைப்பை வேண்டிநின்றது. கூலி காக்கப்பட்டது, கூலியாள் வேண்டியிருந்தமையால். கங்காணிக்கு அவன் பட்ட கடனை அச்சட்டம் தீர்க்கவில்லை என்பதே இதற்குச் சான்று.

6

இலக்கிய மாணவர் என்ற வகையில், இக்கடன் வாழ்வு எத்தகைய எழுத்திற் பதிவாயிற்று என்ற வினாவையும் நாம் தவிர்க்க இயலாது. மலையகத்தின் தொடக்ககால அச்சு நூல்களுள் ஒன்றான, ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளியாயிற்று. இலைநோய் இனங்காணப்பட்ட ஆண்டும் அதுவே. கும்மி என்னும் மக்கள் வடிவம் அந்நூலில் கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பாடப் பயன்படுத்தப்பட்டது. பயிரைப் பாடுவது அச்சேறியது. பயிர் செய்தவன் பட்ட கடனோ வாய்மொழியில் தங்கிற்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் பின்னர் அரும்பாடுபட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் திரும்பத் திரும்ப வருகின்றனர். எழுத்து ஆவணம் துரையின் கணக்கைக் காத்தது. தொழிலாளியின் கணக்கைக் காத்தது நினைவும் பாட்டுமே. ஆகவே மலையக வாய்மொழி இலக்கியத்தைச் சோகத்தின் வெளிப்பாடு என்று மாத்திரம் படிப்பது போதாது. நீதிமன்றத்தில் எண்பிக்க முடியாது போன கடன்கணக்கின் மறுபக்க ஏடாகவும் அதனைப் படிக்க வேண்டும்.

7

துண்டு முறை தானாக ஒழியவில்லை. பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1919இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தின் முயற்சியும், இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும், ஆள்வரவு பற்றிய தோட்ட முதலாளிகளின் அச்சமும் ஒன்றுசேர்ந்தே அதனைச் சாய்த்தன. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டை ஒழித்தது. வேலை ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையையும் நீக்கியது. நொடிப்புச் சட்டம் வந்து 68 ஆண்டுகளின் பின்னரே தொழிலாளியின் கடன் குற்றவியலின் பிடியிலிருந்து வெளிவந்தது.

வெளிவந்த கடன் எங்கே சென்றது? 1930களின் உலக மந்தத்தின் விளைவாக நிலம் இழந்துகொண்டிருந்த கடனாளிகளுக்காக 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. கடன்கொடுத்தவனையும் கடனாளியையும் ஒரு சபையின் முன் அமர்த்தி இணக்கம் காண்பது அதன் நோக்கம். ஆனால் அது நிலத்தை ஈடுவைத்தோரையும் நிபந்தனை உறுதியில் எழுதிக்கொடுத்தோரையும் முன்னிறுத்தியது. லயத்தில் வாழ்பவனுக்கு ஈடுவைக்க நிலமுமில்லை, வீடுமில்லை. தனக்கென ஒரு துண்டு நிலம் இல்லாதவன் கடன் நிவாரணத்துக்கும் தகுதியற்றவனாகிறான் என்ற முரண் இங்கு மீண்டும் தலைகாட்டியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியபோது, நிவாரணம் கோரும் அரசியல் வலுவும் பறிபோயிற்று. 1975இல் பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் தேசியமயமானபோது கம்பனிகளுக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. தலைமுறைகளின் உழைப்புக்கு அத்தகைய கணக்கு எதுவும் பார்க்கப்படவில்லை.

8

இவ்வரலாறு முடிந்துபோனதன்று. மாத்தளை மாவட்டத்திற் தோட்டங்களைக் கொண்ட எல்கடுவ பெருந்தோட்ட நிறுவனம் உட்பட, அரசுக்குச் சொந்தமான தோட்ட நிறுவனங்கள் தொழிலாளர்க்குரிய சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகியவற்றைச் செலுத்தாது நிலுவையில் வைத்திருந்தமை நாடாளுமன்றக் குழுக்களின் முன் ஆராயப்பட்ட செய்தி. 1880களில் சம்பளம் பெறாது நின்றவனின் பேரப்பிள்ளைகள் ஓய்வுக்காலப் பணத்துக்காகக் காத்துநின்றனர். தொழிலாளி கடன்கொடுத்தவன் என்பதும், வரிசையில் அவன் கடைசி என்பதும் மாறவில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் நாள் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. வங்குரோத்து என்ற சொல் நாட்டுக்கே உரியதாயிற்று. நாடுகளுக்கு நொடிப்பு நீதிமன்றம் இல்லை, பேரப்பேச்சே உண்டு. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்பாட்டோடு கடன் மறுசீரமைப்புத் தொடங்கியது. உள்நாட்டுக் கடனின் பகுதியாக ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள் நீண்டகால, குறைந்த வட்டி முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகளின் திறைசேரி முறிகளோ, வங்கித்துறையின் உறுதியைக் காக்க வேண்டுமென்ற காரணத்தால் விலக்களிக்கப்பட்டன. உறுப்பினர்க்கு ஆண்டுக்கு 9 சதவீத வட்டி உறுதி என அரசு கூறியது உண்மையே. எனினும் அரசுக்குக் கடன்கொடுத்தோருள் இழப்பைத் தாங்க முதலில் அழைக்கப்பட்டோர் யாரென்பது அதனால் மறைந்துவிடாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் மாதச் சம்பளத்திலிருந்து கழித்த காசும் அந்நிதியில் உண்டு. 1884இல் வங்கியின் தாளுக்கு உத்தரவாதம் நின்ற அரசு மரபும் இதுவே. 1848இல் முதலின் இழப்பை வரியாக மாற்றிய அரசு மரபும் இதுவே.

நொடிப்புச் சட்டம் தீயது என்பது நமது முடிபன்று. மனிதன் கடனுக்காகப் படைக்கப்பட்டவனல்லன் என்பதை முதலாளித்துவ சமுதாயம் தன் வர்க்கத்துக்குள்ளேயேனும் ஏற்றுக்கொண்டதன் சான்று அது. அவ்வுண்மையை அது எல்லார்க்கும் உரியதாக்கவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. இன்று நுண்கடன் நிறுவனங்களிடம் வாரத்தவணை கட்டும் தோட்டத்துப் பெண்ணுக்கு 1853ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு எட்டாததோ, அவ்வளவு எட்டாததாகவே எந்தப் புதிய சட்டமும் இருக்கும். அவள் செலவின்றி, தன் மொழியில், சொத்தின்றியும் அதன் கதவைத் தட்ட முடியாதவரை. நொடித்தவர்க்கான எந்தச் சட்டச் சீர்திருத்தத்தையும் மதிப்பிட இரண்டு வினாக்கள் போதும். சொத்தற்றவனின் இடுக்கணை அது இடுக்கண் என ஏற்கிறதா? முறிந்த நிறுவனத்திடம் உழைப்பாளி பெறவேண்டியதை ஈடு பிடித்தவனுக்கு முன் வைக்கிறதா? இவ்விரண்டுக்கும் ஆம் எனச் சொல்லக்கூடிய சட்டம் ஒன்றை உழைக்கும் மக்கள் தம் ஒன்றுபட்ட வலுவால் பெறும்வரை, மாத்தளையின் பழைய கணக்கு தீர்க்கப்படாத கணக்காகவே இருக்கும்.